ஒன்ராறியோவில் தாதியர் படிப்பு: 2 ஆண்டு ஆர்.பி.என்.னா, 4 ஆண்டு ஆர்.என்.னா?

வயது 34, இரண்டு பிள்ளைகள், இப்போது பி.எஸ்.டபிள்யூ. (பராமரிப்பு உதவியாளர்) வேலை, எதைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய இதே நிலையில் நான் ஆர்.பி.என். (பதிவுபெற்ற நடைமுறைத் தாதி) படித்தேன். சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, பிரிட்ஜிங் என்ற இணைப்புப் படிப்பை முடித்து ஆர்.என். (பதிவுபெற்ற தாதி) ஆனேன்.

ஆர்.பி.என். என்பது 2 ஆண்டு டிப்ளோமா. ஆர்.என்.னுக்கு 2005 முதல் இங்கே பட்டம் கட்டாயம். அது 4 ஆண்டு. பதிவுக்கான தேர்வுகளும் வேறு. ஆர்.என். எழுதும் என்கிளெக்ஸ்தான் அமெரிக்காவிலும் நடக்கிறது. ஆர்.பி.என்.னுக்கான ரெக்ஸ்-பி.என். ஒன்ராறியோ, பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற கனேடிய மாகாணங்களுக்கானது. எல்லை தாண்டிப் போகும் பேச்சு வீட்டில் இருந்தால் இதையும் கணக்கில் சேருங்கள்.

ஆர்.பி.என். ஊசி போடக்கூடாது என்று நம்மவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். நான் இன்சுலின் போட்டிருக்கிறேன், புண்ணுக்கு மருந்து கட்டியிருக்கிறேன். நோயாளியின் நிலை எவ்வளவு சீராக இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வேலை பிரிகிறது. அடுத்து என்ன ஆகும் என்று சொல்ல முடியாத நோயாளி ஆர்.என்.னின் பொறுப்பு.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது முதியோர் இல்லத்தில் ஓர் இரவு. மாத்திரைகளை நுணுக்கி ஆப்பிள் கூழில் குழைத்துக்கொண்டு அறை அறையாகப் போகிறேன். மாலையில் என்னைக் கேலி செய்துகொண்டிருந்த தாத்தா இப்போது வாயால் மூச்சு வாங்குகிறார். விரலில் கருவியை மாட்டினால் ஆக்சிஜன் 84. ஆர்.என்.னை அழைத்தேன். கட்டடம் முழுவதற்கும் அன்று அவர் ஒருவர்தான். மேல்மாடியில், விழுந்துவிட்ட ஒரு பாட்டியோடு நின்றார். அவர் இறங்கி வரும்வரை தாத்தாவின் தலையை உயர்த்தி, ஆக்சிஜன் வைத்து, கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். ஆனால் அந்த நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அந்த அரிப்புத்தான் என்னைத் திரும்பப் படிக்க அனுப்பியது. என் தோழி ஒருத்திக்கு அப்படி எதுவும் இல்லை; ஆர்.பி.என்.னாகவே நிறைவாக இருக்கிறாள், என்னைவிட நன்றாகத் தூங்குகிறாள்.

"முதலில் ஆர்.பி.என்., பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது வாய்க்கு எளிது. பிரிட்ஜிங் எனக்கு மேலும் 3 ஆண்டு பிடித்தது. நேராகப் போயிருந்தால் மொத்தமே 4. என் வகுப்பில் பிரிட்ஜிங் போகப் போவதாகச் சொல்லாத ஆள் இல்லை. போனது என்னோடு சேர்த்து மூன்று பேர்.

ஆகவே, ஒருவர் சம்பளத்தில் 4 ஆண்டு வீட்டுக் கடன் ஓடும் என்றால் நேராக ஆர்.என். போங்கள். 12ஆம் வகுப்பு உயிரியலும் வேதியியலும் பல்கலைக்கழகத் தரத்தில் கேட்பார்கள். இல்லையென்றால் பெரியவர்களுக்கான பள்ளியில் எடுக்கலாம். ஓடாது என்றால் ஆர்.பி.என்.; அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எதுவானாலும் பயிற்சி நாட்களில் விடியுமுன் கிளம்ப வேண்டியிருக்கும். பிள்ளைகளை யார் பள்ளிக்கு அனுப்புவது என்று இப்போதே மாமியாரிடம் பேசிவிடுங்கள்.

முன்பணம் கட்டுமுன் அந்தப் படிப்புக்கு ஒன்ராறியோ காலேஜ் ஆஃப் நர்சஸின் அங்கீகாரம் உண்டா என்று அவர்களுடைய தளத்தில் பாருங்கள். பெயரில்தான் காலேஜ், பாடம் நடத்துவதில்லை. தாதியாக வேலை செய்யப் பதிவு கொடுப்பது அவர்கள்தான். முகவர் சொன்னார், தெரிந்த அக்கா சொன்னார் என்று கட்டிவிடாதீர்கள். நான் சொன்னேன் என்றும்தான்.