கனமான கச்சா எண்ணெயை வயல் பக்கத்திலேயே இலேசாக்கி அனுப்பினால் என்ன?

கேள்வி: கனமான கச்சா எண்ணெயைக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே இலேசான எண்ணெயாக மாற்றி விற்றால் நல்ல விலை கிடைக்குமே, ஏன் எல்லோரும் செய்வதில்லை? இந்தியாவில் செய்யலாமா?

மும்பை செம்பூரில் ஓர் எண்ணெய்ப் பரிசோதனை லேபில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். சேர்ந்த புதிதில் கனமான கச்சா சாம்பிள் ஒன்று வந்தது. பாட்டிலைச் சாய்த்தேன், அப்புறம் தலைகீழாகவே கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. ஆறிப்போன கருப்பட்டிப் பாகு மாதிரி அடியிலேயே உட்கார்ந்திருந்தது. எங்கள் சீனியர் நாசரேத்துக்காரர். "தம்பி, அதைப் போட்டு உலுக்காதீங்க. அறுபது டிகிரியில ஒரு மணி நேரம் வைங்க, தானா இறங்கி வரும்" என்றார். அப்படித்தான் வந்தது.

இந்தச் சரக்கைத்தான் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாயில் தள்ள வேண்டும். எண்ணெய் வயல் (எண்ணெய் எடுக்கும் இடம்) பக்கத்திலேயே ஆலை கட்டும் யோசனை அங்கிருந்துதான் பிறக்கிறது. எண்ணெயின் கனத்தைச் சொல்லும் ஏ.பி.ஐ. அளவில் தண்ணீருக்கு 10. எண் குறையக் குறைய எண்ணெய் கனம். மும்பை ஹை எண்ணெய் 38ஐ ஒட்டி இருக்கும். கனடாவின் அதபாஸ்கா பிட்டுமன் (தார் போன்ற கன எண்ணெய்) 8 பக்கம், தண்ணீரை விடக் கனம்.

கன எண்ணெயில் கார்பன் அதிகம், ஹைட்ரஜன் குறைவு. ஆகவே ஒன்று கார்பனை வெளியே எடுக்க வேண்டும், அல்லது ஹைட்ரஜனை உள்ளே சேர்க்க வேண்டும். ஹைட்ரஜன் சேர்த்தால் எண்ணெய் வீணாகாது, ஆனால் அதை இயற்கை எரிவாயுவிலிருந்து தயாரிக்க வேண்டும், உயர் அழுத்தக் கலன்கள் வேண்டும், செலவு எகிறும். கார்பனை எடுப்பது கோக்கர் என்ற அமைப்பில். எண்ணெயை 500 டிகிரி அளவுக்குச் சூடாக்கிப் பெரிய டிரம்முக்குள் விட்டால் கன மூலக்கூறுகள் உடைந்து இலேசானவை ஆவியாகப் போகும். மிஞ்சுவது கரி போன்ற கோக். ஒரு டிரம் நிரம்பும்போது பக்கத்து டிரம்மில் உயர் அழுத்தத் தண்ணீரைப் பாய்ச்சிக் கோக்கை வெட்டி இறக்குவார்கள்.

அந்தக் கோக்கை என்ன செய்வது? எனக்கு இதுதான் பெரிய கேள்வி. கனடாவின் அல்பெர்டாவில் 1967 முதலே இப்படி ஆலை ஓடுகிறது, சந்தை தூரம் என்பதால் கோக்கில் பெரும்பகுதி அங்கேயே குவிந்து கிடக்கிறது. வெனிசுலா வேறு வழி பார்த்தது. ஒரினோகோ பகுதியின் கன எண்ணெயில் நாப்தா என்ற இலேசான எண்ணெயைக் கலந்து கடற்கரையில் உள்ள ஹோசேவுக்குக் கொண்டுவந்து, அங்கே நாப்தாவைப் பிரித்து வேறு குழாயில் வயலுக்கே திருப்பி அனுப்பினார்கள். கன எண்ணெயை இலேசாக்கும் ஆலை ஹோசேவிலேயே இருந்தது. துறைமுகம் பக்கம், கோக் கப்பலேறிவிடும்.

சரி, ஏன் எல்லோரும் செய்வதில்லை? எண்ணெய் போய்ச் சேரும் இடத்தில் ஏற்கெனவே கோக்கர் இருக்கிறது. அமெரிக்க வளைகுடாக் கரை ஆலைகள் வெனிசுலா, மெக்சிகோ எண்ணெய்க்காகவே அப்படிக் கட்டப்பட்டவை, நம் ஜாம்நகர் சுத்திகரிப்பு ஆலையும் கன எண்ணெயை எடுத்துக்கொள்ளும். கன எண்ணெய்க்கும் இலேசான எண்ணெய்க்கும் விலை வித்தியாசம் குறைந்தால், பனிக்காட்டில் பல நூறு கோடி டாலர் கொட்டிய ஆலை கையைக் கடிக்கும். 2013இல் சன்கோர், டோட்டல் என்ற எண்ணெய் நிறுவனங்கள் அல்பெர்டாவின் வாயஜர் ஆலைத் திட்டத்தைப் பாதியில் கைவிட்டன. பிட்டுமனில் மூன்றில் ஒரு பங்கு வரை இலேசான எண்ணெயைக் கலந்து அப்படியே குழாயில் விடுவதே பலருக்குக் கட்டுப்படியாகிறது.

இந்தியாவில் குஜராத்தின் மெஹ்சானா பக்கம் பாலோல், சாந்தால் வயல்களில் கன எண்ணெய் உண்டு. அங்கே ஓஎன்ஜிசி பூமிக்கடியிலேயே காற்றைச் செலுத்தி எண்ணெயில் ஒரு பங்கை எரிக்கிறது. அந்தச் சூட்டில் மீதி இளகிக் கிணற்றுக்கு வருகிறது. கொயலி சுத்திகரிப்பு ஆலை அதே மாநிலத்தில் இருக்கும்போது வயலில் தனியாக ஆலை கட்டச் சொன்னால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.