காட்டுவதும் எடுத்து வைப்பதும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற நவம்பரில் குடும்பத்துடன் ஜப்பானின் கியோட்டோ நகரத்துக்குச் சென்றிருந்தோம். ஒரு கண்காட்சியின் சுவரொட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்த மடிப்புத்திரை ஓவியத்தைப் பார்ப்பதற்காகவே நுழைவுச்சீட்டு வாங்கினோம். உள்ளே அது இல்லை. கண்காட்சியின் முதற்பாதியோடு அதை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்நகரின் கியோன் விழாத் தேர்களையாவது பார்க்கலாம் என்றால், அவற்றையும் ஜூலையிலேயே பிரித்து அடுக்கிவிட்டார்களாம். இவ்வளவு புகழ்பெற்ற கலைப்பொருட்களை ஏன் இப்படி ஒளித்து வைக்கிறார்கள்? மீண்டும் செல்வதானால் விழாவுக்குச் செல்வதா, அருங்காட்சியகத்துக்குச் செல்வதா?

கே., பெங்களூரு

அன்புள்ள கே.,

சுவரொட்டியில் படத்தைப் பெரிதாகவும் அது வைக்கப்பட்டிருக்கும் தேதிகளைப் பொடி எழுத்திலும் அச்சிடுவது பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் ஒளித்து வைக்கிறார்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பட்டிலும் தாளிலும் தீட்டப்பட்ட ஓவியம் வெளிச்சம் படும் ஒவ்வொரு மணி நேரத்திலும் சிறிது மங்குகிறது. மங்கியதை மீட்க வழியில்லை. ஆகவே தேசியச் செல்வங்களாகவும் முக்கியப் பண்பாட்டுச் சொத்துகளாகவும் அறிவிக்கப்பட்ட இத்தகைய ஓவியங்களை ஆண்டுக்கு மொத்தம் சுமார் 60 நாட்களுக்கு மேல் காட்சிக்கு வைப்பதில்லை என்று ஜப்பானிய அரசு வரையறுத்திருக்கிறது. எளிதில் மங்கக்கூடியவற்றுக்கு அதைவிடவும் குறைவு. ஒரே கண்காட்சியின் முற்பாதியிலும் பிற்பாதியிலும் வெவ்வேறு ஓவியங்கள் இருப்பது இதனால்தான்.

இந்தப் பழக்கம் அருங்காட்சியகங்களுக்கு முந்தையது. ஈரம் மிகுந்த கோடை கழிந்ததும் கோயில்கள் தங்கள் சுருளோவியங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காற்றாட விடுவது வழக்கம். கியோட்டோவின் தைதோகுஜி மடாலயத்தில் அக்டோபர் இரண்டாம் ஞாயிறன்று அப்படி ஒரு காற்றாட்டு நாள் உண்டு. சீனத்தின் தென் சோங் காலத் துறவி ஓவியர் முச்சி 13ஆம் நூற்றாண்டில் வரைந்த கருணைத் தெய்வம், நாரை, குரங்கு என்னும் மூன்று ஓவியங்களை அன்று பக்கத்தில் நின்று பார்க்கலாம். அவற்றைப் பார்க்க வருபவர்களும், பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்கும் துறவிகளும் ஒரே கூடத்தில் நிற்கிறார்கள்.

தேர்களைப் பிரித்துவிடுவதற்குக் காரணம் வேறு. 869ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவியபோது, அன்றைய ஜப்பானின் 66 மாகாணங்களைக் குறிக்க 66 ஈட்டிகளை நட்டு, நோயைப் பரப்பும் ஆவிகளைத் தணிக்க நடத்திய சடங்கிலிருந்து வந்தது கியோன் விழா. இன்று 34 தேர்கள் ஜூலை 17, 24 ஆகிய இரு நாட்களில் பிரிந்து ஊர்வலம் வருகின்றன. பெரிய தேர்களின் உயரம் 25 மீட்டர்வரை, எடை சுமார் 12 டன். சட்டங்களை ஆணி அடிக்காமல் வைக்கோல் கயிற்றால் மட்டுமே கட்டுகிறார்கள். தெருக்களில் அலையும் தீய ஆவிகளைத் தேர்கள் தங்களிடம் ஈர்த்துக்கொள்கின்றன என்பது நம்பிக்கை. எனவே ஊர்வலம் முடிந்து தெருவுக்குத் திரும்பிய உடனேயே கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிடுவார்கள். நவம்பரில் நீங்கள் தேர்களைக் காணாதது விழா முறையாக நடந்ததன் அடையாளம்.

விழாவா, அருங்காட்சியகமா என்ற கேள்வி ஜூலையில் பொருளற்றுப் போகிறது. இந்தத் தேர்களை 'நகரும் அருங்காட்சியகம்' என்று அவ்வூர்க்காரர்களே சொல்கிறார்கள். கோய்யம என்னும் தேரை அணிசெய்வது 16ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸில் நெய்யப்பட்ட திரைச்சீலை. அதில் இருப்பவர்கள் கிரேக்கக் காவியமான இலியட்டில் வரும் ட்ராய் நாட்டு மன்னன் பிரயாமும் அரசி ஹெக்குபாவும். அந்தத் தேருக்கு உரிய தெருக்காரர்கள் திரைச்சீலையைத் துண்டுகளாக வெட்டித் தேரின் நான்கு பக்கங்களுக்கும் தைத்துக்கொண்டார்கள். இன்றைய காப்பாளர் எவரும் நடுங்கிப் போகும் காரியம். ஆனால் அந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. வேறு தேர்களில் பாரசீகக் கம்பளங்களும் இந்தியக் கம்பளங்களும் உண்டு. தக்காணத்தில் நெய்யப்பட்டவை என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டவையும் அவற்றில் அடங்கும். நைந்துபோன மூலங்களை இப்போது பத்திரப்படுத்திவிட்டு, புதிதாக நெய்த பிரதிகளைத் தேரில் கட்டும் வழக்கம் பெருகி வருகிறது.

ஊர்வலத்துக்கு முந்தைய மாலைகளில் ஷின்மாச்சி, முரோமாச்சி தெருக்களின் பழைய வணிகக் குடும்பங்கள் வீட்டின் முன்கட்டைத் திறந்து, தங்கள் மடிப்புத்திரைகளை விளக்கொளியில் விரித்து வைக்கின்றன. திரைவிழா என்றே அதற்குப் பெயர். ஒவ்வொரு தேரும் அதன் தெருவுக்குச் சொந்தம் என்பதால், தெருவின் பொது வீட்டிலும் தேரின் சிலைகளையும் துணிகளையும் காட்சிக்கு வைக்கிறார்கள்.

இந்தக் காட்சிக்கு இருக்கும் வலுவை தகயம தேரின் வரலாற்றில் காணலாம். 1826இல் புயல்மழையில் சேதமடைந்த அந்தத் தேர் மறு ஆண்டு முதல் ஊர்வலத்திலிருந்து விலகியது. 1864இல் உள்நாட்டுச் சண்டையில் நகரம் எரிந்தபோது தேரும் எரிந்தது. பருந்து வளர்ப்பவன், நாய் பழக்குபவன், பீப்பாய் சுமப்பவன் ஆகிய மூன்று உருவங்களின் எஞ்சிய பகுதிகள் தப்பின. தேரே இல்லாத தெருக்காரர்கள் விழாக்காலத்தில் அவ்வுருவங்களைப் பொது வீட்டில் அலங்கரித்து வைத்து வணங்கிவந்தார்கள். அந்தத் தொடர்ச்சி அறுபடாததால்தான் 2022இல், 196 ஆண்டுகளுக்குப் பின், தகயம மீண்டும் ஊர்வலத்தில் வந்தது. ஆண்டு முழுதும் கண்ணாடிக்குள் நின்றிருந்தால் அந்த உருவங்களுக்குத் தேர் திரும்பியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

ஆகவே ஜூலை 21 முதல் 23 வரையிலான மாலைகளில் செல்லுங்கள். 17ஆம் தேதி ஊர்வலத்துக்கு முந்தைய மூன்று மாலைகளில் தெருக்கடைகளும் கூட்டமும் மூச்சுமுட்டும். இரண்டாம் ஊர்வலத்துக்கு 11 தேர்களே வரும், கடைகள் இல்லை, நின்று பார்க்கலாம். அந்தத் தகயமவும் இதில்தான் வரும். வெயிலும் புழுக்கமும் கடுமையாக இருக்கும் என்பதால், குழந்தைகள் உடன் வந்தால் பகலை அறையிலேயே கழித்துவிடுங்கள். அது ஒத்துவராது என்றால் தைதோகுஜியின் அக்டோபர் ஞாயிறைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் அந்த ஆண்டு அது நடக்கிறதா, மழை வரும்போல் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் சுருள்களை வெளியே எடுக்கத் தயங்குவார்கள்.