பி.காம் வேண்டாம், கெமிஸ்ட்ரியில் சேருங்கள்

வணக்கம் சார்.

போன வாரம் மகளோடு வந்தபோது அவள் எதிரில் தயங்கியதை, வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் சொன்னீர்கள். “மூணு தலைமுறையா இந்தப் புகையிலயே நிக்கிறோம். இவளாவது பி.காம் முடிச்சு பேங்க் பரீட்சை எழுதி, ஏசில உக்காரட்டும்.” நியாயமான ஆசைதான். அவளோ ஒரே தோட்டத்துக் காபிக்கொட்டையை இளம்பதத்தில் வறுத்து விற்க வேண்டும் என்கிறாள். நீங்களும் காபி வறுப்பவர்தான், ஆனால் அவள் கேட்கும் வேலையும் நீங்கள் பார்க்கும் வேலையும் பெயரளவில்தான் ஒன்று.

பழைய வண்ணாரப்பேட்டைக் காபித்தூள் கடையில் பிளான்டேஷன் ஏ, பீபெரி, கொஞ்சம் ரொபஸ்டா என்று பலவகைக் கொட்டைகளைக் கலந்து, நன்றாகக் கறுக்க வறுத்து, சிக்கரி சேர்த்து அரைத்துத் தருகிறீர்கள். கறுக்க வறுத்தால் கொட்டையின் சில்லறைக் குறைகள் கசப்பில் மறைந்துவிடும். மிச்சத்தைச் சிக்கரியும் பாலும் பார்த்துக்கொள்ளும். ஒரே தோட்டத்துக் கொட்டையை இளம்பதத்தில் வறுப்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஏற்காட்டில் பழத்தோடு காயையும் சேர்த்துப் பறித்தார்களா, கொடைக்கானல் பக்கத்துத் தாண்டிக்குடியில் களத்தில் காய்ந்தபோது மழையில் நனைந்ததா, எல்லாமே கோப்பையில் தெரிந்துவிடும். ருசி பார்ப்பவர்களிடம் நூற்றுக்கு 80 மதிப்பெண்ணாவது வாங்கினால்தான் அதை ஸ்பெஷாலிட்டி காபி என்பார்கள்.

தாத்தா கொட்டை வெடிக்கும் சத்தத்தை வைத்தே வறுக்கும் டிரம்மை இறக்கிவிடுவார் என்று உங்கள் மகள் கண் விரியச் சொன்னாள். கொட்டையின் சூடு 200 டிகிரியை நெருங்கும்போது சோளம் பொரிவதுபோல முதல் வெடிப்பு கேட்கும். 225 டிகிரி வாக்கில் இரண்டாவது, அது மெல்லிய சடசடப்பு. நீங்கள் இரண்டாவதைக் கேட்டுவிட்டு இறக்குகிறீர்கள். அவளுக்கோ இரண்டுக்கும் நடுவிலுள்ள சில நிமிடங்களில்தான் வேலையே. பெரியவரின் காது பெரிய சொத்து சார், ஆனால் அது எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை. இந்த விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு ஈடுக்கும் போட்ட எடை, எடுத்த எடை, முதல் சத்தம் கேட்ட நிமிடம், இறக்கிய நிமிடம் இந்த நான்கையும் அவள் குறிக்கட்டும். கணக்கும் அதிலேயே வந்துவிடும். ஒரு பேச்சுக்கு, வறுக்காத பச்சைக்கொட்டை கிலோ 500 ரூபாய் என்றால், வறுத்து 15 சதவீதம் எடை போனபின் அடக்கவிலை 588 ரூபாய். கேஸும் கூலியும் தனி.

சரி, படிப்புக்கு வருவோம். பெங்களூருவில் உள்ள காபி வாரியம், காபித் தர மேலாண்மையில் ஒரு வருட முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது. முதல் பகுதி சிக்கமகளூரு மாவட்டத்துப் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில், தோட்டத்துக்கு நடுவிலேயே. சேர்க்கும்போது மதிப்பெண்ணோடு நாக்கையும் சோதிப்பார்கள். அதில் உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பயமில்லை. ஆனால் கெமிஸ்ட்ரி, தாவரவியல், உணவு அறிவியல் மாதிரி ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். பி.காம், பி.சி.ஏ படித்தால் இந்தக் கதவு மூடிவிடும். பேங்க் பரீட்சைக்கோ எந்தப் பட்டமும் போதும். ஆக, பாரதி மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி கெமிஸ்ட்ரி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். உங்கள் ஆசையும் அவள் ஆசையும் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்காரட்டும். ஜே.இ.இ நுழைவுத்தேர்வில் மதிப்பெண் நன்றாக வந்தால், தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசு நிறுவனத்தில் உணவுத் தொழில்நுட்பம் படிப்பது இன்னும் மேல். அதே காபி வாரியம் வறுப்பதற்கும் காபி போடுவதற்கும் ‘காபி சாஸ்திரா’ என்று சில நாள் பயிற்சியும் தருகிறது. அதற்கு நீங்களே போய்வரலாம், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவளோடு எனக்கும் ஒரு சண்டை உண்டு. கடன் வாங்கி, ஒரே ஈட்டில் 15 கிலோ வறுக்கும் மெஷின் இப்போதே வேண்டும் என்கிறாள். கூடாது. ஒரு கிலோ பிடிக்கிற மெஷின் போதும், அதையும் படிப்பு பாதி தாண்டியபின் வாங்கலாம். பெரிய மெஷின் என்றால் கொட்டையையும் நிறையச் சேர்த்துவைக்க வேண்டும். பச்சைக்கொட்டையில் ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். உங்கள் பின்கட்டில் ராயபுரத்துக் கடல்காற்று வீசுகிறது. சணல் மூட்டையில் மழைக்காலம் முழுக்க வைத்தால் நிறம் வெளுத்து, வாசமும் போய்விடும். நீங்கள் வாராவாரம் மூட்டை வாங்கித் தீர்ப்பதால் இது உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை அறுவடையாகும் தோட்டத்துக் கொட்டையை மாதக்கணக்கில் காப்பது வேறு வித்தை. அப்புறம் புகை. பக்கத்து மாடியில் துணி காய்கிறது, பார்த்தேன்.

வாடிக்கையும் வேறு. உங்கள் கடைக்கு வருகிற அம்மா இளவறுவல் தூளை வாங்கிப் பால் ஊற்றிக் குடித்துவிட்டு, “என்னப்பா, புளிக்குது” என்று திருப்பித் தந்துவிடுவார். அவளுடைய பாக்கெட்டுகள் கஃபேக்களுக்கும் கூரியரிலும்தான் போகும். அதுவரை வீட்டுச் செலவை உங்கள் சிக்கரிக் கலவைதான் தாங்க வேண்டும். அதை அவள் மட்டமாகப் பேசினால் என்னிடம் அனுப்புங்கள்.

அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும், அவள் கையால் வறுத்ததில் கால் கிலோவும் கொண்டுவாருங்கள். என் வீட்டில் இருப்பது பித்தளை ஃபில்டர்தான். பால் ஊற்றாமல் குடித்துப் பார்க்கிறேன்.