பேய் சுவர்ல நுழையும்னா கொள்ளைக்கு டீம் எதுக்கு?
பேய் ஒண்ணும் மூணு திருடங்களும் சேர்ந்து பேங்க் லாக்கர கொள்ளையடிக்குற காமெடி நாவல், ஆனா பேய் சுவத்துக்குள்ள போயிடுதே, அப்புறம் டென்ஷனே இல்லைனு கேட்டிருந்தீங்க. கதைய தூக்கிப் போட்றாதீங்க ப்ளீஸ், ஐடியா ரொம்ப நல்லாருக்கு.

பேய்க்கு ஒரு தடை வைங்க, அது நம்ம ஊர்லயே இருக்கு. இரும்பு. ராத்திரி கறிக்குழம்பு கொண்டு போனா தூக்குல ஒரு கரித்துண்டு போட்டு, கையில ஆணியோ சாவியோ குடுத்து அனுப்புவாங்கள்ல, அதேதான். உங்க பேய் செங்கல் சுவர்ல ஜம்முனு நுழைஞ்சிடும் ஆனா லாக்கர் பூரா இரும்பு, கிட்ட போனாலே உதறும், அப்போ மனுஷன் வேணும்ல.

இன்னொண்ணு, லாக்கர் ஒரு சாவில திறக்காது, பேங்க் சாவி ஒண்ணு கஸ்டமர் சாவி ஒண்ணு ரெண்டும் போடணும். சாவியும் இரும்புனு வச்சுக்கோங்க, பேயால தொட முடியாது, அது எங்க இருக்குனு பாத்துட்டு வந்து சொல்லத்தான் முடியும், தப்பா சொல்லிச்சுன்னா அங்கதான் உங்க காமெடி.

தடை இருந்தாதான் டென்ஷன் வரும், விக்கிரமாதித்தன் கதைல பாருங்க, ராஜா வாயத் திறந்தா வேதாளம் மரத்துக்கு ஓடிடும், பதில் தெரிஞ்சும் பேசலைன்னா தலை வெடிச்சிடும். ரெண்டு பக்கமும் அடி. அதான் இத்தன நூற்றாண்டா படிக்கிறோம்.

இரும்பு விஷயத்த மட்டும் முதல் அத்தியாயத்துலயே, அந்தக் குழம்புத் தூக்க வச்சே காட்டிடுங்க. கொள்ளை நடக்குறப்ப திடீர்னு சொன்னா படிக்கிறவங்களுக்கு ஏமாத்துன மாதிரி ஆயிடும். எழுதி முடிச்சா இங்க போடுங்க, கண்டிப்பா படிக்கிறேன்.