அண்ணி கதைக்கு உரிமைப் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: தாகூரின் 'சிதைந்த கூடு' கதையைக் குறும்படமாக எடுக்க ஆசை. கொல்கத்தாவில் உரிமை வாங்கித் தருவதாக ஒரு புரோக்கர் ஐம்பதாயிரம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். எழுதியவர் இறந்து அறுபது ஆண்டு ஆகிவிட்டால் நம் நாட்டில் அந்த எழுத்து எல்லோருக்கும் பொது. 1941இல் மறைந்த தாகூரின் கதைகள் 2001 கடைசியோடு அப்படி ஆகிவிட்டன, இன்னொரு வங்க எழுத்தாளர் சரத்சந்திரருடையவை அதற்கும் முன்பே. கணவனின் மாற்றாந்தாய் மகனைத் தன் பிள்ளையாகவே வளர்க்கிற சரத்தின் கதை நாயகி நாராயணியை நாளைக்கே நீங்கள் படமெடுக்கலாம். வங்காளக் கூட்டுக்குடும்பத்தில் அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் நடுவே ஓடுகிற கேலி, சலுகை, வெளியே சொல்ல முடியாத நெருக்கம், இதற்கெல்லாம் யாரிடம் பட்டா இருக்கிறது?

இந்த ஆட்கள் முத்திரை குத்திய ஒரு 'ஆட்சேபமில்லை' கடிதத்தை நீட்டுவார்கள். யார் கையெழுத்து, அவருக்கு அந்த உரிமை எப்படி வந்தது என்று கேளுங்கள், அடுத்த போன் வராது. எந்த எழுத்தாளர் எந்த வருடம் பொதுவுக்கு வந்தார் என்று சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதிவைக்க அதிகாரிகளுக்கு வலிக்கிறது, அந்தச் சந்தில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

அப்புறம், மொழிபெயர்ப்பு தனிச் சொத்து, தமிழ்ப் புத்தகத்து வசனத்தை அப்படியே தூக்காதீர்கள்.

உண்மையான கண்ணி, இதே கதையை வைத்து சத்யஜித் ராய் எடுத்த 'சாருலதா'. 1964இல் வந்த படம், படத்துக்கும் அறுபது ஆண்டுதான், 2024இல் முடிந்துவிட்டது, இனி எல்லாம் இலவசம் என்று அதே புரோக்கரே நாளைக்குச் சொல்வார். நம்பாதீர்கள். திரைக்கதையும் இசையும் ராய் செய்தவை, அவர் போனது 1992இல், ஆக 2052 முடிகிறவரை அவற்றில் கைவைக்கக் கூடாது. கதாநாயகி சாரு தூரத்தைக் காட்டும் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போய்த் தெருவைப் பார்ப்பது, ஊஞ்சல், கடைசியில் இரண்டு கைகள் சேராமல் உறைந்து நிற்பது எல்லாம் ராய் கணக்கு. கதையில் சாருவின் கணவன் பூபதி மைசூருக்கு வேலைக்குக் கிளம்புகிறான், என்னையும் கூட்டிப்போ என்று சாரு கேட்க, முதலில் மறுத்துவிட்டுப் பிறகு வா என்கிறான், அவள் 'வேண்டாம், இருக்கட்டும்' என்று சொல்லிவிடுகிறாள். இது தாகூர், தாராளமாக எடுங்கள். சாருவும் கொழுந்தன் முறை அமலும் தோட்டம் போடத் திட்டம் போடுவதும் அவருடையதுதான். அமல் பூபதிக்கு அத்தை மகன், கூடப் பிறந்த தம்பி இல்லை, அதையும் கவனியுங்கள்.

எழுதும் நாட்களில் படத்தைப் பார்க்க வேண்டாம். கதையை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காட்சியும் அதில் எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள், பின்னால் யாராவது வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் அந்தக் குறிப்பைக் காட்டலாம்.