பணம் வருமுன்னே வாசலில் நிற்பவர்கள்

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

ஒரு மனக்கசப்பைக் கொட்டவே இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கும் அம்மாவின் மகள் காரைக்குடியில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கட்டணம் கட்ட வழியில்லை என்றார். 15,000 ரூபாய் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான் அந்தப் பணம் கல்லூரிக்குப் போகவில்லை என்று தெரிந்தது. நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்தாம். மாமன் சீர் என்று ஒரு கிராமில் தோடு, வேட்டி துண்டு, தட்டு வரிசை எல்லாம் செய்து தீர்த்துவிட்டார்கள். கேட்டால், போன வருடம் அவர் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தபோது அந்த நாத்தனார்தான் சங்கிலியைக் கழற்றி அடகுக்குக் கொடுத்தார், எப்படிச் செய்யாமல் இருப்பது என்று சாக்குச் சொல்கிறார். பெற்ற மகளின் படிப்பைவிட ஊர்ப்பெருமை பெரிதா? இவர்கள் ஏன் இப்படி யோசிக்கிறார்கள்? இனி உதவுவதா, வேண்டாமா? உதவினால் ரசீதைக் காட்டு என்று கேட்கலாமா?

எம்., தேவகோட்டை

அன்புள்ள எம்.,

உங்கள் வருத்தம் நியாயமானது. 15,000 ரூபாய் உங்களுக்கும் சும்மா வந்திருக்காது. அந்தப் பெண் படிக்க வேண்டும் என்று நினைத்துக் கொடுத்திருக்கிறீர்கள், இப்போதும் கட்டணம் கட்டாமல் நிற்கிறது. அந்தக் கவலை எனக்கும் இருக்கிறது.

ஆனால் நாத்தனார் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்த விஷயத்தை நீங்கள் சாக்கு என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் பக்கத்தில் விசேஷத்துக்குச் சீர் கொடுத்து வாங்கும் செய்முறை எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாததில்லை. யார் எவ்வளவு செய்தார்கள் என்று நோட்டில் எழுதி வைக்கிறோம். திருப்பிச் செய்யும் நாள் வரும்வரை அது கடன்தான். சாரத்திலிருந்து விழும் கூலிக்காரர் பெரும்பாலோருக்கு விடுப்புச் சம்பளம் கிடைப்பதில்லை, நின்றுபோன கூலியை ஈடுகட்டவும் எதுவும் கைக்கு வருவதில்லை. அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே காப்பீடு நாத்தனார் கழுத்தில் கிடந்த சங்கிலி. அந்த வீட்டுப் பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தும் நாளில் தாய்மாமன் வெறும் கையோடு போய் உட்கார்ந்தால், அடுத்த முறை இவர்கள் விழும்போது சங்கிலி கழறாது. ஊர்ப்பெருமையும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த அம்மா கட்டியதில் பெரும்பகுதி அடுத்த விபத்துக்கான தவணை.

இதே காரியத்தைப் பெரிய வீடுகள் செய்தபோது நாம் வேறு பெயர் வைத்தோம். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபின், அங்கே வட்டித்தொழில் நடத்திய எத்தனை செட்டிநாட்டுக் குடும்பங்கள் கையில் ஒன்றுமில்லாமல் ஊர் திரும்பின! எண்பது தூண் வீடு இருக்கும், அடுப்பில் உலை இருக்காது. இரண்டாம் கட்டின் தேக்குத் தூணை விற்று, பீங்கான் ஜாடியையும் எனாமல் பாத்திரத்தையும் விற்று, பெண்ணுக்குச் சாமான் பரப்பிக் கல்யாணம் செய்தார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இன்றும் அப்படி விற்ற வீட்டுச் சாமான்களைப் பார்க்கலாம். என் அப்பத்தா காலத்தில் அதைக் கேட்டவர்கள் 'கௌரவமா நடத்திட்டாக' என்றுதான் சொன்னார்கள். புத்தி கெட்டுப்போச்சு என்று யாரும் சொல்லவில்லை. கையில் இல்லாதவர் இருக்கிற உறவையாவது காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார். பெரிய வீட்டுக்கும் சிறிய வீட்டுக்கும் அதில் வித்தியாசம் இல்லை.

சரி, அப்படியே இருந்தாலும் மகளின் கட்டணம் நினைவில் இருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள்.

போன தீபாவளிக்கு முந்திய வாரம், சொல்லி வைத்திருந்த பலகாரத்தை வாங்க ஒரு கொட்டகைக்குப் போயிருந்தேன். வரிசையாக விறகு அடுப்பு. ஓரத்து அடுப்பில் தேன்குழல் பிழிகிற அம்மா இருபது வருடமாக அதே வேலையில் இருக்கிறவர். எண்ணெய் காய்ந்ததை வாசனையிலேயே சொல்லிவிடுவார். அன்று அவருடைய மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் செல்போன் கவிழ்த்து வைத்திருந்தது. அது அதிர்ந்தது. அவர் போனைத் திருப்பவில்லை, வாசல் பக்கம் பார்த்தார். கொஞ்சம் கழித்து மறுபடி அதிர்ந்தது, மறுபடி வாசலைப் பார்த்தார். அதற்குள் அடுப்பில் ஒரு ஈடு சிவந்துவிட்டது. தேன்குழல் வெளுப்பாக வர வேண்டும், சிவந்தால் தள்ளுபடி. கண்ணகப்பையால் அள்ளி ஓரமாகக் கொட்டிவிட்டு அடுத்ததைப் பிழிந்தார். அதுவும் சிவந்தது. அங்கே கிலோக் கணக்கில் கூலி, கெட்டுப்போனதற்குக் கிடையாது.

"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்றேன்.

"உடம்புக்கென்ன ஆச்சி. இன்னைக்குக் குழுக்காசு கட்டணும். பணம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வாசல்ல நாலு பேரு வந்து நிக்கிறாக. யாருக்கு மொதல்ல குடுக்கிறது, யாருகிட்ட நாளைக்குன்னு சொல்றதுன்னு ராத்திரியெல்லாம் அதே ஓட்டந்தான்."

குழுக்கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். அதனால் கடன்காரருக்கு முன்பாக வந்து நிற்பது பக்கத்து வீட்டுத் தோழிதான். குழுக்காசுக்காகத் தண்டல், தண்டலுக்காகத் தோடு அடகில். தண்டல் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 10,000 என்று எழுதி 8,500 கையில் தருவார்கள், தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால் வருட வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். அந்த அம்மாவுக்கு இது தெரியும். பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய ஊர் நம்முடையது. ஆனால் எந்தப் பேரேட்டிலும் இல்லாத சிக்கலான கணக்கு அவர் தலைக்குள் ஒரு நாளைக்குப் பத்து முறை போடப்படுகிறது. அதைப் போட்டுக்கொண்டிருக்கும் தலையால்தான் எண்ணெயின் பதத்தையும் பார்க்க வேண்டும்.

இதை நம் தமிழ்நாட்டிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்தில் 54 ஊர்களில் 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் ஆராய்ந்து 2013இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். கரும்புக்காரருக்கு வெட்டு முடிந்து பணம் வந்த பின் கொஞ்ச காலம் வசதி, அடுத்த வெட்டுக்கு முந்தைய மாதங்களில் முடை. வெட்டுக்கு முன் நூற்றில் 78 பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள், வெட்டுக்குப் பின் 4 பேர்தான். அதே மனிதரை இரண்டு காலத்திலும் உட்கார வைத்துச் சின்னச் சின்னச் சோதனை கொடுத்தார்கள். தாளில் 5 5 5 என்று இருக்கும், எத்தனை எண் இருக்கிறது என்று கேட்பார்கள். வாய் ஐந்து என்று சொல்ல வரும், அடக்கிக்கொண்டு மூன்று என்று சொல்ல வேண்டும். முடைக்காலத்தில் அதிகம் தடுமாறியவர், கையில் பணம் வந்தபின் சட்டென்று சரியாகச் சொன்னார். ஆள் அதே ஆள், படிப்பும் அதே படிப்பு. எல்லோருக்கும் ஒரே மாதத்தில் வெட்டு வருவதில்லை என்பதால், பருவத்தின் மேலும் பழியைப் போட முடியவில்லை. ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தால் மூளை எவ்வளவு மந்தமாகுமோ ஏறக்குறைய அவ்வளவு வித்தியாசம் என்கிறார்கள்.

எல்லா இடத்திலும் இது இப்படியே தெரிந்தது என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில் இந்த வேறுபாடு தென்படவில்லை. ஆனால் ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் கூலிக்காரர்களிடம் செய்த இன்னொன்று என் மனதில் அப்படியே நிற்கிறது. அவர்களும் பலகாரக் கொட்டகை அம்மா மாதிரி எண்ணிக்கைக் கூலிக்காரர்கள். சிலருக்குக் கூலியின் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்தார்கள். கூடுதலாக எதுவும் கொடுக்கவில்லை, அவர்கள் உழைத்த காசையே கொஞ்சம் முன்னால் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கடனைக் கட்டிவிட்டு வந்தவர்கள் அதிகம் தைத்தார்கள், கவனப்பிசகும் குறைந்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்தச் சிவந்த ஈடுதான் ஞாபகம் வந்தது.

உங்கள் வீட்டம்மாவுக்கு மகளின் கட்டணம் மறந்துபோகவில்லை. கல்லூரி அலுவலகம் கெடுவை நீட்டித் தரக்கூடும், காதுகுத்து நாள் நீளாது. நெருப்பு எங்கே முதலில் பற்றுகிறதோ அங்கேதான் தண்ணீர் ஊற்றுவார்கள். தப்பு நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. உங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லியிருந்தால் நீங்கள் கொடுத்திருப்பீர்களா? அந்த அம்மாவுக்கும் அது தெரியும். படிப்பு என்றால் நீங்கள் கொடுப்பீர்கள், காதுகுத்து என்றால் கொடுக்க மாட்டீர்கள். கையேந்தி நிற்கும் எல்லோரும் எதிராளியின் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

ரசீது கேட்கலாமா என்கிறீர்கள். நான் கேட்டிருக்கிறேன். பல வருடத்துக்கு முன், எங்கள் வீட்டுக்குத் தளஓடு மாற்ற வந்த ஒருவர் மனைவியின் மருந்துச் செலவுக்கு உதவி கேட்டார். மாதாமாதம் தருகிறேன், மருந்துச் சீட்டைக் கொண்டு வந்து காட்டுங்கள் என்றேன். ஒழுங்காகத்தான் செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. மூன்று மாதம் வந்தார். ஒவ்வொரு முறையும் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து, மடிப்பைப் பிரித்து, என் முன்னால் மேசையில் வைத்து, நான் படித்து முடிக்கிறவரை தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அந்தக் கல்லைப் பதித்ததே அவர்தான். நான்காவது மாதம் வரவில்லை. வட்டிக்கு வாங்கிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் பணத்துக்கு வட்டியில்லை, ஆனால் அவருக்கு அதைவிட வட்டிக்காரர் தேவலை என்று தோன்றியிருக்கிறது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் கெடும்.

ஏற்கனவே நான்கு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு ஐந்தாவது கணக்கையும் கொடுத்தேன். அது உதவி ஆகாது. 2023 செப்டம்பரிலிருந்து அரசு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை தருகிறது. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்கள் வாங்குகிறார்கள். எதற்குச் செலவழித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. ஆயிரத்தில் வறுமை தீராது. ஆனால் 15ஆம் தேதி வரும் என்ற தைரியத்தில் பல பெண்கள் சீட்டுக் கட்டுகிறார்கள், மளிகைக் கடையில் நிமிர்ந்து நின்று கடன் சொல்கிறார்கள். ஏழைகள் கையில் காசு கொடுத்தால் குடித்து அழிப்பார்கள் என்ற பேச்சையும் உலக வங்கி ஆய்வாளர்கள் பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பணம் கிடைத்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் சம்பளத்தைப் பாருங்கள். ஒன்பது வருடத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது? முதல் தேதிக்கு முன்னால் கொடுக்க முடியுமா? உதவி என்று கொடுப்பதை நாம் நினைவில் வைத்திருப்போம், குறைத்துக் கொடுத்த கூலி நினைவில் நிற்காது. இரண்டாவது, அவருக்கு இருக்கும் கடன்களிலேயே வட்டி கொடிய ஒன்றை, தண்டலோ வேறெதுவோ, மொத்தமாக அடைக்க முடிந்தால் அடைத்து விடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து முறை கொடுப்பதைவிட, வாசலில் நிற்கும் ஒருவரை ஒரேயடியாக அனுப்பிவிட்டால் தலைக்குள் அத்தனை இடம் காலியாகும்.

அப்புறம் கட்டணம். மறுபடி கொடுங்கள். பழையதைப் பற்றி ஒரு சொல் வேண்டாம். ஆனால் கொடுப்பதற்கு முன் உட்கார வைத்து, 'உங்க கையில தரட்டுமா, காலேஜ்ல நேரா கட்டிரட்டுமா, எது தோது?' என்று அவரிடமே கேளுங்கள். நம்பிக்கையில்லாமல் கேட்கிற கேள்வி இல்லை இது. 'என் கையில் தராதீக ஆச்சி, இருந்தால் கேட்கிறவங்களுக்கு இல்லையென்று சொல்ல முடியாது' என்று பல பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கையில் இருக்கிற பணத்துக்கு உறவெல்லாம் உரிமைக்காரர்கள், கட்டிவிட்ட பணத்துக்கு யாரும் வர மாட்டார்கள். எப்படி வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யட்டும், நீங்கள் அதன்படி செய்யுங்கள்.

கல்லூரியில் கடைசித் தேதி எது என்று உடனே விசாரித்து எழுதுங்கள். பாதியை நான் அனுப்புகிறேன். யார் கொடுத்தது என்று அவர்களிடம் சொல்ல வேண்டாம். அந்தப் பெண் என்ன பாடம் படிக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆச்சி
காரைக்குடி