ஸ்கைபியாவைத் தாண்டிவிடலாமா? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

ஒன் பீஸ் என்ற கடற்கொள்ளையர் கதையின் அனிமேயை, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடரைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துத்தான் அதைப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது டிரெஸ்ரோசா என்ற ஆர்க்கில் (தொடருக்குள் வரும் தனிக் கதைப்பகுதி), 690ஆவது எபிசோடில் நிற்கிறேன். நின்று இரண்டு மாதம் ஆகிறது. ஒவ்வொரு எபிசோடையும் பார்த்து முடித்ததும் எதுவுமே நடக்காததுபோல் இருக்கிறது.

என் நண்பர்கள் எல்லா ஆர்க்குகளையும் வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். மரைன்ஃபோர்ட் முதலிடம், எனியஸ் லாபி இரண்டாமிடம். ஸ்கைபியாவும் டிரெஸ்ரோசாவும் கடைசியில் கிடக்கின்றன. "ஸ்கைபியாவை அப்படியே தாண்டிப் போனாலும் கதை புரியும்" என்கிறார்கள். எனக்கு ஸ்கைபியா பிடித்திருந்தது. ஆனால் ஏன் பிடித்தது என்று அவர்களிடம் சொல்லத் தெரியவில்லை. என் தங்கை மகனுக்கு 13 வயது, இந்த மாதம்தான் முதல் எபிசோடிலிருந்து ஆரம்பித்திருக்கிறான். அவனுக்கு எதைப் பார்க்கச் சொல்வது, எதை விடச் சொல்வது? ஓர் ஆர்க் நன்றாக இருக்கிறது, இல்லை என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

முதலில் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. 690ஆவது எபிசோட் வரையிலான கதை இந்தப் பதிலில் வெளிப்படையாக வரும். அதைத் தாண்டி நான் எதையும் சொல்லப்போவதில்லை.

நீங்கள் நிற்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். 2014 ஜனவரியில் டிரெஸ்ரோசா தொடங்கியபோது வாராவாரம் பார்த்தேன். அது முடிந்தது 2016 ஜூனில். நடுவில் இரண்டு தடவை விட்டுவிட்டேன். "இந்த ஆர்க் தேறாது" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பிறகு ஒரு விடுமுறையில் அதே பகுதியை அனிமேயின் மூலமான மங்காவில், அதாவது படக்கதையில், இரண்டு நாளில் வாசித்து முடித்தேன். இரண்டாம் நாள் ராத்திரி தூக்கம் வரவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: அத்தனை நாளும் நான் குறை சொன்னது கதையை இல்லை, அது எனக்கு வந்து சேர்ந்த வேகத்தை.

இந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். எய்ச்சிரோ ஓடா இந்த மங்காவை 1997 ஜூலையில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடங்கினார். தோயே நிறுவனத்தின் அனிமே 1999 அக்டோபரில் வந்தது. அப்போது அனிமேக்காரர்கள் கையில் இரண்டு வருடக் கதை தயாராக இருந்தது, தாராளமாகச் செலவழித்தார்கள். ஆர்லாங் பார்க் என்ற தொடக்ககால ஆர்க் மங்காவில் ஏறக்குறைய 27 அத்தியாயம், அனிமேயில் 15 எபிசோடுக்குள் முடிந்துவிடும். ஆனால் வாராவாரம் ஓடும் அனிமே ஒருநாள் மங்காவின் வாலை எட்டிப் பிடித்துத்தானே ஆகவேண்டும்? வேறு சில தொடர்கள் அந்த நிலை வந்தபோது மங்காவில் இல்லாத ஃபில்லர் கதைகளை மாதக்கணக்கில் போட்டன. ஒன் பீஸ் பெரும்பாலும் வேறு வழியில் போனது. கதையையே இழுத்தது. டிரெஸ்ரோசா மங்காவில் நூற்றுச் சொச்சம் அத்தியாயம், அனிமேயில் 629 முதல் 746 வரை 118 எபிசோட். அதாவது இருபது பக்கம்கூட இல்லாத ஓர் அத்தியாயத்தைக் கொண்டு ஓர் எபிசோடையும் அதற்கு மேலும் நிரப்பவேண்டும். அதனால்தான் எபிசோடின் தொடக்கத்தில் போன வாரக் கதை அவ்வளவு நேரம் ஓடுகிறது. ஒருவர் ஓடுகிறார், அதைப் பார்த்துப் பத்துப் பேர் வாய் பிளக்கிறார்கள், அந்தப் பத்து முகத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள்.

தயாரித்தவர்களே இதை உணர்ந்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். 2024 இறுதியில் எக்ஹெட் ஆர்க் நடுவே இடைவெளி விட்டபோது, ஐம்பது எபிசோட் ஓடிய மீன்மனிதர் தீவுக் கதையை 21 எபிசோடாக வெட்டித் தொகுத்து மறுபடி ஒளிபரப்பினார்கள். 2026 முதல் ஆண்டுக்கு அதிகபட்சம் 26 எபிசோட்தான் என்றும் அறிவித்தார்கள்.

சரி, வேகத்தை ஒதுக்கிவிட்டால் அளக்க என்ன மிஞ்சும்? என் பதில், காத்திருப்பு. இந்தத் தொடரில் எனக்குப் பிடித்த ஒவ்வோர் ஆர்க்கிலும் யாரோ ஒருவர் வருடக்கணக்காக எதற்கோ காத்திருக்கிறார். லபூன் என்ற திமிங்கலம் 50 வருடமாகக் காத்திருக்கிறது. கதாநாயகன் லூஃபியின் குழுவில் இருக்கும் ராபின் 20 வருடம். அதே குழுவின் நாமி 8 வருடம். அந்தக் காத்திருப்பை என்னால் உணர முடிந்ததா, அது முடியும் இடத்தில் கதை நேர்மையாக நடந்துகொண்டதா என்பதைத்தான் பார்ப்பேன். சண்டையில் யார் எந்த அடி அடித்தார் என்பதெல்லாம் அப்புறம்.

நாமியையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 கோடி பெலி (அந்த உலகத்துப் பணம்) சேர்த்துக் கொடுத்தால் கிராமத்தை விட்டுவிடுகிறேன் என்று, அதைப் பிடித்து வைத்திருக்கும் ஆர்லாங் அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். சின்னப் பெண்ணாக இருந்தபோது தொடங்கி எட்டு வருடம் திருடித் திருடிச் சேர்க்கிறாள். கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்ட சமயத்தில் கடற்படை அதிகாரி ஒருவன் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறான், ஆர்லாங்கின் ஏற்பாட்டில். ஊர்க்காரர்கள் சாகத் துணிந்து ஆர்லாங்கின் கோட்டைக்குக் கிளம்புகிறார்கள். அவள் தரையில் உட்கார்ந்து, தோளில் பச்சை குத்தியிருக்கும் ஆர்லாங்கின் சின்னத்தைக் கத்தியால் குத்துகிறாள், திரும்பத் திரும்ப. லூஃபி வந்து அந்தக் கையைப் பிடிக்கிறான். "உனக்கு ஒன்றும் தெரியாது, போய்விடு" என்று கத்துகிறாள். மண்ணை அள்ளி அவன்மேல் எறிகிறாள். அவன் அப்படியே நிற்கிறான். கடைசியில் அழுதுகொண்டே திரும்பி, உதவி கேட்கிறாள். அவன் தன் தொப்பியை அவள் தலையில் வைத்துவிட்டு நடக்கிறான்.

இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோதான் ஒன்று கண்ணில் பட்டது. நாமியின் அக்கா நோஜிகோ அவள் கதையைச் சொல்லத் தொடங்கும்போது, லூஃபி "எனக்கு அவளுடைய பழைய கதை வேண்டாம்" என்று எழுந்து போய்விடுகிறான். நமக்கு எல்லாம் தெரியும். வளர்ப்புத் தாய் பெல்மேர் இருந்த ஒரு லட்சத்தையும் ஆர்லாங் கேட்ட தலைவரியாக இரண்டு பெண்களுக்கும் கட்டிவிட்டுத் தன் உயிரைக் கொடுத்தது தெரியும். தொப்பியை வைத்தவனுக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது. "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று அவள் கத்துவது முழு உண்மை. அவளுக்கு உதவ அவனுக்குக் காரணமே தேவைப்படவில்லை. எட்டு வருடமாக ஒவ்வொன்றுக்கும் விலை கொடுத்து வாங்கிய பெண்ணுக்கு முதல்முறையாக ஒன்று விலையில்லாமல் கிடைக்கிறது. நான் ஆர்லாங் பார்க்கை இவ்வளவு உயரத்தில் வைத்திருப்பது இதனால்தான். ஆர்லாங்குடனான சண்டை சுமாராக இருந்திருந்தாலும் என் முடிவு மாறியிருக்காது.

இப்போது உங்கள் ஸ்கைபியாவுக்கு வருகிறேன். நண்பர்களிடம் சொல்ல முடியவில்லை என்கிறீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

அந்த ஆர்க்கை ஏனெலுடனான சண்டை என்று நினைத்தால் அது நீளம்தான். இடி மின்னலையெல்லாம் ஆட்டிப் படைக்கும், தன்னைத்தானே கடவுள் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவன், அவனை ரப்பர் உடம்புக்கார லூஃபி அடிக்கிறான், முடிந்தது. ஆனால் அது கிரிக்கெட் என்ற கிழவரின் கதை. அவருடைய மூதாதை நோலண்ட், தங்க நகரத்தைக் கண்டேன் என்று அரசனிடம் சொல்லி, திரும்பிப் போனபோது அது அங்கே இல்லாததால் பொய்யன் என்று கொல்லப்பட்டவர். 400 வருடமாக அந்தக் குடும்பத்தின் பெயரே பொய்யர் குடும்பம். கிழவர் உண்மை என்ன என்று தெரிந்துகொள்ளத் தினமும் கடலுக்குள் மூழ்கி மூழ்கி உடம்பைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். நகரமோ அவர் தேடும் கடலடியில் இல்லை. நீரோட்டம் பீறிட்டு நிலத்தோடு வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மேலே இருப்பவர்களின் மூதாதை கால்கரா, நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று நோலண்டுக்கு மணியடித்துச் சொல்ல ஏங்கிச் செத்தவன். கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குலம், இரண்டும் ஒரே மணியோசைக்காக 400 வருடம் காத்திருக்கின்றன.

கையில் மாட்டிக்கொண்ட பெரிய தங்க உருண்டையை இழுத்துக்கொண்டு லூஃபி மேலே ஏறுகிறானே, அவன் வாயில் வருவது என்ன? ஏனெலை வெல்ல வேண்டும் என்பதைவிட, மணியடித்தால் கீழே கிழவருக்குக் கேட்கும் என்பதுதான். தங்க நகரம் வானத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிவிக்க வேறு வழியில்லை. மணி அடிக்கிறது. கீழே கிழவர் நிமிர்ந்து பார்க்கிறார். அவ்வளவுதான். அவரிடம் யாரும் போய் எதையும் விளக்கவில்லை, நன்றி வாங்கவும் இல்லை. இதைத் தாண்டிப் போகலாம் என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான்.

கதைத் தொடர்ச்சியை வைத்துத்தான் பேசவேண்டும் என்றால் அதற்கும் பதில் இருக்கிறது. அந்த மணியின் அடியில் இருக்கும் கல்லின் பக்கத்தில் கடற்கொள்ளையர் அரசன் ரோஜரின் பெயர் பொறித்திருப்பதை ராபின் பார்க்கிறாள். கதையின் மையமான தேடல் அங்கேயே வந்துவிடுகிறது. அதைவிட எனக்கு முக்கியமானது இன்னொன்று. ஸ்கைபியாவில் ஒருநாள் இரவு பனிமூட்டத்தில் சுத்தியல் சத்தம் கேட்கிறது. லூஃபி குழுவின் உசோப் எட்டிப் பார்க்கிறான். யாரோ ஒரு சின்ன உருவம் கப்பலைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. பயந்து மயங்கிவிடுகிறான். காலையில் பார்த்தால் உடைந்திருந்த கப்பல் ஓரளவு செப்பனிடப்பட்டிருக்கிறது. அப்போது அது ஒரு சின்ன மர்மம், யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அந்த உருவம் யார் என்பது பின்னால் வாட்டர் செவன் ஆர்க்கில் தெரியவரும்போது, உசோப் ஏன் கப்பலுக்காகத் தன் தலைவனையே எதிர்த்துச் சண்டை போட்டான் என்பதன் எடை மாறிவிடுகிறது. 312ஆவது எபிசோடில் மெர்ரி என்ற அந்தக் கப்பல் எரிந்தபடி பேசுவதைக் கேட்டு அழுதேன் என்று உங்கள் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். அந்த அழுகைக்கான விதை ஸ்கைபியாவில் விழுந்தது.

எனியஸ் லாபி இரண்டாமிடம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை, முதலிடமே கொடுத்தாலும் சரிதான். ஆனால் அங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள். 278ஆவது எபிசோடில் உசோப் உலக அரசின் கொடியை எரிக்கிறான், எட்டு வயதில் தலைக்கு விலை வைக்கப்பட்ட ராபின், வாழ வேண்டும் என்று முதல்முறை கத்துகிறாள். அதற்கு அடுத்து என்ன வந்தது? 279 முதல் 283 வரை பழைய காட்சிகளின் தொகுப்பு. இருபது வருடக் காத்திருப்பு உடைந்த இடத்தில் தொலைக்காட்சி இன்னும் ஐந்து எபிசோட் காக்க வைத்தது. நீங்கள் அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள், அதனால் உங்களுக்கு நினைவில்லை. டிரெஸ்ரோசாவில் அந்த இழுவை தனி எபிசோடாக இல்லாமல் ஒவ்வோர் எபிசோடுக்குள்ளும் கலந்திருக்கிறது, தாண்ட முடியவில்லை. உங்களுக்கு அலுப்பு வந்ததற்குக் காரணம் அதுதான்.

மரைன்ஃபோர்ட்டை முதலிடத்தில் வைப்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பிரம்மாண்டம்தான், லூஃபியின் அண்ணன் ஏஸின் முடிவைப் பார்த்துவிட்டு நானும் பல நாள் சரியாக இல்லை. ஆனால் அதற்கு முன் சபோடி ஆர்க்கில் குழு சிதறியதும், இம்பெல் டவுன் சிறையில் லூஃபி ஒவ்வொரு தளமாக இறங்கியதும் இல்லாமல் அந்தப் போர் நிற்காது. மூன்றையும் சேர்த்து ஒன்றாக மதிப்பிட வேண்டும்.

எல்லாவற்றையும் வேகத்தின் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கவும் கூடாது. மங்காவிலேயே தொய்வான பகுதிகள் உண்டு. திரில்லர் பார்க்கின் முதல் பாதி எனக்கு இன்றும் நகர்வதில்லை. ப்ரூக் என்ற இசைக்கலைஞனின் பாட்டு வந்து லபூனின் காத்திருப்போடு சேரும்போதுதான் அந்த ஆர்க் உயிர் பெறுகிறது. டிரெஸ்ரோசாவின் கொலோசியத்தில் சண்டைக்காரர்கள் அளவுக்கு மீறி வருகிறார்கள், பாதிப் பேரின் பெயர் எனக்கு மனதில் தங்கவில்லை. அது ஓடாவின் குறைதான். இதற்கு நேர்மாறாக, ஸ்கைபியாவுக்கு அடுத்து வரும் ஜி-8 மங்காவில் இல்லாத முழு ஃபில்லர், 11 எபிசோட். ஆனால் எவ்வளவு உற்சாகம்! ஃபில்லர் என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் தங்கை மகனிடமிருந்து அதைப் பறித்துவிடாதீர்கள்.

டிரெஸ்ரோசாவுக்குள் திரும்பிப் போக உங்களுக்கு ஒரு காரணம் சொல்கிறேன். நீங்கள் ஏற்கெனவே பார்த்ததுதான். ஒற்றைக்கால் பொம்மைச் சிப்பாய் ஒருவர் ரெபெக்கா என்ற பெண்ணை வளர்க்கிறார். அவர் அவளுடைய அப்பா. ஆனால் பொம்மையாக்கப்பட்டவர்களை உலகமே மறந்துவிடும் என்பது அந்தச் சாபம், அதனால் மகளுக்குத் தெரியாது. வருடக்கணக்காகப் பக்கத்திலேயே இருந்து வாள் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார், சமைக்கக் கற்றுக்கொடுக்கிறார், அப்பா என்று மட்டும் சொல்ல முடியாது. நாமி உதவி கேட்கக் காத்திருந்தாள், ராபின் வாழ ஆசைப்படக் காத்திருந்தாள், இந்த மனிதர் நினைவுகூரப்படக் காத்திருந்தார். இந்த மூன்றையும் நான் ஒரே தட்டில்தான் வைப்பேன். தொடரில் இதுவரை வந்ததிலேயே கொடுமையான காத்திருப்பு இதுதான் என்றுகூடத் தோன்றுகிறது.

ஆகவே 690இல் விட்ட இடத்திலிருந்து அனிமேயாகவே தொடராதீர்கள். மங்காவில் 750ஆவது அத்தியாயத்திலிருந்து எடுத்து ஆர்க் முடியும்வரை, 801 வரை வாசியுங்கள். கொஞ்சம் பழைய கதை மறுபடி வரும், பரவாயில்லை. வழியில் கொராசோன் என்ற ஒருவரைச் சந்திப்பீர்கள். அவரைச் சந்தித்த பிறகு அந்தப் பகுதியை மட்டும், 700ஐ ஒட்டிய எபிசோடுகளில், குரல்களோடும் இசையோடும் பாருங்கள். ஜோ என்ற புதிய ஆர்க்கிலிருந்து அனிமேக்குத் திரும்பிக்கொள்ளலாம்.

தங்கை மகனை எதையும் தாண்ட விடாதீர்கள். இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறான், அவசரம் ஒன்றும் இல்லை. ஸ்கைபியாவில் அந்தச் சுத்தியல் சத்தம் கேட்கும்போது, அது யார் என்று நிச்சயம் உங்களிடம் கேட்பான். சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்